வன்னிக் குளத்தில் படுகிற பெரிய மீனைச் சாகாமல் திருப்பி விடுவது எப்படி?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கனடாவில் இருந்து உங்கள் சித்தப்பா ஆவணியில் கிளிநொச்சிக்கு வருகிறார், கூட அவருடைய பதின்மூன்று வயது மகனும் வருகிறான். அங்கே பெரிய மீனைப் பிடித்து, பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விடுவது அவர்களுடைய பழக்கம். இங்கேயும் இரணைமடுப் பக்கம் அப்படிச் செய்ய ஆசைப்படுகிறார்கள். பெரிய வாளையோ விராலோ பட்டால் அதை உயிரோடு விட என்ன சாமான் வேண்டும், ஆட்களுக்கு என்ன கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீன் கையை விட்டு நழுவி, வாலை அடித்துக்கொண்டு ஆழத்துக்குள் மறைந்ததும் அது தப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மீளக்குடியேறி இரண்டு மூன்று வருடம் இருக்கும், ஒரு மாலையில் எனக்கு நல்ல வாளை ஒன்று பட்டது. நிலத்தில் நிறுத்தினால் என் இடுப்புக்கு மேலே வரும். கீழ்த்தாடைக்குள் விரலைக் கொடுத்து நெட்டாகத் தூக்கிப் பிடித்தேன். கூட வந்தவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். முதல் படத்தில் என் முகம் இருட்டு என்று இன்னொன்று, பிறகு அவர் பிடிக்க நான் ஒன்று. விட்டபோது மீன் ஒழுங்காகத்தான் நீந்திப் போனது. மறுநாள் காலையில் துருசடியில், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் இடத்தில், வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. வால் செட்டையில் பழைய பிளவு ஒன்று இருந்ததால் அதே மீன் என்று தெரிந்தது. யாருக்கும் கறியாகவும் உதவாமல், குளத்துக்கு ஒரு முட்டையும் விடாமல் அது போய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்த விசயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

காற்றில் வைத்திருப்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1992இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில் வானவில் ட்ரவுட் மீன்களைக் களைக்கும் வரை ஓட வைத்தார்கள். ஓட மட்டும் வைத்தவற்றில் 88 வீதம் பிழைத்தன. ஓடிய பிறகு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 வீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28 வீதம்தான். ட்ரவுட் குளிர்நீர் மீன், எங்கள் மீனோடு அதை ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாது. ஆனாலும் களைத்த மீனுக்குக் காற்று என்ன செய்யும் என்பது அந்த மூன்று இலக்கத்திலும் தெரிகிறது. நாங்கள் எடுத்த மூன்று படத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும்.

எல்லா மீனையும் விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குளத்து மீன் இங்கே பலருக்குச் சாப்பாடு, பலருக்குத் தொழில். திலாப்பியா 1950களில் வெளியில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன், தானாகவே பெருகுகிறது. பிடித்தால் கொண்டுபோய்ப் பொரியுங்கள். கட்லா, ரோகு போன்றவை நக்டா என்று நாங்கள் சொல்கிற நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை குஞ்சாகக் கொண்டுவந்து விடுபவை. ஓடுகிற ஆற்று நீரில் முட்டையிடும் சாதி என்பதால் குளத்துக்குள் அவை இனம் பெருக்குவதில்லை. அவற்றை விடுவதும் விடாததும் குளத்து மீன்பிடிச் சங்கத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விசயம், ஏனென்றால் அது அவர்களுடைய விளைச்சல். டேங்க் கிளீனர், கத்தி மீன் போன்ற வெளிநாட்டுச் சாதி பட்டால் திரும்ப விடவே வேண்டாம். ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் விடவும் வேண்டாம்.

நான் கட்டாயம் விடச் சொல்வது பெரிய வாளையைத்தான். உலக அளவிலேயே அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் மீன்களின் பட்டியலில் அது இருக்கிறது. பெரிய பெண் மீன் ஒன்று இடுகிற முட்டையைச் சின்ன மீன் பல சேர்ந்தாலும் இட முடியாது. அடுத்தது குஞ்சோடு நிற்கும் விரால். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கிற மீன் அது. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே வந்து காற்று எடுத்துவிட்டுத் தாழ்வதை ஆழமில்லாத, புல் நிறைந்த ஓரத்தில் பார்க்கலாம். அந்த இடத்தில் ரப்பர் தவளையைப் போட்டால் விரால் உடனே அடிக்கும். பசியில் அடிப்பதல்ல, குஞ்சைக் காக்கத்தான் அடிக்கிறது. பெரியதை நீங்கள் பத்து நிமிடம் கரையில் வைத்திருந்தாலே மற்ற மீன்கள் வந்து குஞ்சை முடித்துவிடும். ஆகவே குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அந்த இடத்தில் தூண்டிலே போடாதீர்கள். இதைச் சித்தப்பாவின் மகனுக்கு முதல் நாளே காட்டுங்கள். அந்தக் காட்சியைப் பார்த்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மாரியில் வான் பாயும் காலத்தில் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம், சுண்டிக்குளம் களப்பை அண்டி, கொடுவாவும் படும். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். அதனால் மிகப் பெரியது பட்டால் அது பெரும்பாலும் முட்டைக்காரிதான். அதன் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி வெட்டும், அங்கே கை வைக்கக் கூடாது. சித்தப்பா வருவது ஆவணியில் என்பதால் கொடுவாவை இத்தோடு விடுகிறேன்.

சாமானுக்கு முதல் அனுமதி. குளத்துக்குரிய நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் போய்க் கேளுங்கள். விலைக்கு மீன் பிடிக்க வரவில்லை, பிடித்து விடப் போகிறோம் என்று சொன்னால் சந்தோசமாக இடம் காட்டுவார்கள். வலை எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் முதலை படுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கட்டுக்கரைக் குளமும் வவுனிக்குளமும் சரணாலயங்கள். அந்தப் பக்கம் போக நினைத்தால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் தடியை வெளியே எடுக்காதீர்கள்.

இப்போது சாமான். நூல் பலமாக இருக்க வேண்டும். மெல்லிய தங்கூசியில், அதாவது நைலோன் நூலில், பெரிய மீனை அரை மணித்தியாலம் விளையாட்டுக் காட்டிப் பிடிப்பது கெட்டித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் மீனின் தசை முழுக்க அமிலம் ஏறி, விட்ட பிறகும் அது எழும்பாமல் போகலாம். வாளைக்கு 40, 50 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் போடுங்கள். அதன் முன்னால் ஒரு முழ நீளத்துக்குத் தடித்த தங்கூசி கட்டுங்கள். வாளையின் பல் சின்னச் சின்னதாக வரிசை வரிசையாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், மெல்லிய நூலை அரத்தால் அராவுவது போல அராவிவிடும். பலமான நூல் என்றால் சில நிமிடத்தில் மீனைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். தாமரைக் கொடிக்குள் புகுந்து நூல் அறுந்து, வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் தங்கூசியோடும் மீன் போகிற கொடுமையும் குறையும்.

முள்ளைப் பொறுத்தவரை, மூன்று கொளுக்கி உள்ள முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே பின்நோக்கி நிற்கிற சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள். மீன் கழன்றுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். நூலைத் தொய்ய விடாமல் இழுத்தால் கழராது. இரை குத்திப் பிடிப்பதென்றால் வட்ட முள் எடுங்கள், நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். அதில் மீன் கொத்தியதும் தடியைச் சுண்டக் கூடாது. நூல் ஓட விட்டு மெல்ல இறுக்கினால் முள் வாயின் ஓரத்தில் போய்க் கொளுவும். சுண்டிப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான், ஒரு நாளில் பழகிவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர் முள் வாங்காதீர்கள். தற்செயலாக மீனின் உள்ளே விட நேர்ந்தால் சாதாரண முள் காலப்போக்கில் துருப்பிடித்து அழிந்துபோகும், அது போகாது. இரவில் கட்டிவிட்டு விடிய வந்து பார்க்கிற தூண்டில் இந்தக் கதைக்கே சரிவராது. மீன் முள்ளை வயிறு வரைக்கும் விழுங்கியிருக்கும்.

அடுத்தது அத்தாங்கு, மீனை அள்ளுகிற பிடி வைத்த வலை. கடைகளில் கிடைப்பது முடிச்சுப் போட்ட நைலோன் வலை. அது செட்டையைக் கிழிக்கும், உடம்பு வழுவழுப்பைத் துடைத்து எடுத்துவிடும். அந்த வழுவழுப்புத்தான் மீனுக்குத் தோலுக்கு மேல் ஒரு தோல். அது உரிந்த இடத்தில் சில நாளில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும். ரப்பர் பூசிய வலையோ முடிச்சில்லாத வலையோ நல்லது. வாய் அகலமாகவும் பிடி நீளமாகவும் இருக்கட்டும். நீளமான பிடி மீனுக்கு மட்டுமல்ல உங்களுக்கும் நல்லது, ஏன் என்று முதலையைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

மீனைக் கரையில் வைக்க வேண்டி வந்தால் எதில் வைப்பது? வெளிநாட்டில் இதற்கென்று மெத்தை விற்கிறார்கள். எங்களுக்குத் தறப்பாள் போதும். வன்னியில் தறப்பாள் இல்லாத வீடு இல்லை, அதற்குக் கீழே எத்தனை வருடம் படுத்தோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு முழத் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே மெல்லிய ஸ்பொஞ்ச் வைத்து மடித்துத் தைத்தால் நல்ல மெத்தை. மீனை வைக்கும் முன் அதை நன்றாக நனையுங்கள். உரப்பையும் சாக்கும் வேண்டாம், சொரசொரப்பு. அலைகரைக் கல்லில் மீனைப் போடவே கூடாது. ஆவணி வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், மீனுக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

இரண்டு குறடு வேண்டும். ஒன்று நீண்ட மூக்குள்ளது, முள்ளைக் கழற்ற. மற்றது முள்ளையே துண்டாக்கக்கூடிய வெட்டுக்குறடு. இரண்டையும் நூலில் கட்டி இடுப்பில் தொங்கவிடுங்கள். மீன் துள்ளும்போது பைக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வாயைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி ஒன்றும் விற்கிறார்கள். தண்ணீருக்குள் மீனை அசையாமல் வைத்திருக்க அது உதவும். அதில் கொளுவிப் பெரிய மீனைத் தூக்கித் தொங்கவிட்டால் தாடை மூட்டுக் கழன்று, அந்த மீன் இனி இரை பிடிக்க முடியாமல் பட்டினியில் சாகும். முதல் முறை வாங்குபவர்கள் எல்லோரும் அதில் தொங்கவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். ஆகவே உங்களை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆவணியில் வருவதால் வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். 20 பாகை செல்சியஸ் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கலாம். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். கனடாவில் களைத்த மீன் தேறுகிற வேகத்தில் இங்கே தேறாது என்பதைச் சித்தப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். கோடையில் குளம் வற்றி, தண்ணீர் பச்சையாகப் பாசி கட்டி நிற்கும். அந்தப் பாசி பகலில் ஒட்சிசனை விடும், இரவு முழுக்க அதுவும் சேர்ந்து உறிஞ்சும். அதனால் விடியற்காலை குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் பச்சைத் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருப்பது அப்போதுதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று தூண்டில் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள். என் அனுபவத்தில் சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிப்பது நல்லது. காற்று அடித்து அலை மோதுகிற கரையில் நில்லுங்கள், அங்கே தண்ணீரில் காற்றுக் கலந்திருக்கும். பத்து மணிக்குப் பிறகு மீன் பட்டால் அதைக் கறிக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மீன் கரைக்கு வந்துவிட்டது. கையை முதலில் நனையுங்கள். துணிக் கையுறை வேண்டாம், வழுவழுப்பைத் துடைத்துவிடும். மீனை அத்தாங்குக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றப் பாருங்கள். எதிர்முள் நசுக்கியிருந்தால் குறட்டால் ஒரு திருப்பில் வரும். கண்ணை ஈரத்துணியால் மூடினால் மீன் அடங்கும். செவுளுக்குள் இருக்கிற சிவப்புப் பூவில் விரல் படவே கூடாது, அது மீனின் நுரையீரல் மாதிரி. வாளையின் மீசையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

படம் எடுக்காமல் போகச் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் வருகிறான். கைத்தொலைபேசியை முதலே தயாராக வைத்து, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மீனைத் தூக்க வேண்டும். ஒரு கை வால் அடியில், மற்றக் கை முன் செட்டைகளுக்குக் கீழே நெஞ்சில், மீன் கிடையாக இருக்கட்டும். தண்ணீருக்குள் வாழ்கிற உடம்புக்குத் தன் பாரத்தைத் தாங்குகிற அமைப்பு இல்லை. நெட்டாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் எல்லாம் கீழே இழுபடும். தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டுவதற்கு முன் மீன் தண்ணீரில் இருக்க வேண்டும். பத்து விநாடிக்குள் இரண்டு படம் எடுக்கலாம்.

நிறை தெரிய வேண்டும் என்றால் தராசில் கொளுவ வேண்டாம். மூக்கில் இருந்து வால் நுனி வரை நீளத்தையும், உடம்பு பருத்த இடத்தில் சுற்றளவையும் நூலால் அளந்து, பிறகு ஆறுதலாக அங்குலத்தில் கணக்குப் பாருங்கள். நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி 800ஆல் பிரித்தால் இறாத்தலில் அண்ணளவான நிறை வரும். 36 அங்குல நீளம், 18 அங்குலச் சுற்றளவு என்றால் பதினாலரை இறாத்தல், கிட்டத்தட்ட ஆறரைக் கிலோ. வாளை தட்டையான மீன் என்பதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள். தொண்டைக்குள் குறட்டை விட்டுக் கிண்டினால் இதயத்துக்கும் செவுளுக்கும் பக்கத்தில் காயம் படும், அந்த மீன் பிழைக்காது. தங்கூசியை முள்ளுக்குக் கிட்டவாக வெட்டிவிட்டு மீனை விடுங்கள். இப்படி விட்ட மீன்கள், முள்ளைப் பிடுங்கிவிட்டு விட்டவற்றை விடக் கூடுதலாகப் பிழைக்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செவுளில் இருந்து இரத்தம் விடாமல் ஓடினால் அதை விடுவதில் பயன் இல்லை. தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்து உடனே முடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தேற்றி விடுகிற விதம் வாளைக்கு ஒன்று, விராலுக்கு வேறொன்று. வெளிநாட்டு வீடியோ பார்த்து வருபவர்கள் பிழை விடுவது இங்கேதான்.

வாளை தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனைத்தான் செவுளால் எடுக்கும். அதைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, தலையை அலை வருகிற பக்கம் திருப்பி வையுங்கள். அலை இல்லை என்றால் அத்தாங்கோடு மெல்ல முன்னோக்கி நகர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டுகிற பழக்கம் பிழை. பின்னோக்கி இழுக்கும்போது செவுளில் தண்ணீர் மாறி ஓடும். மீன் தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே உடம்பை மெல்ல ஒரு பக்கம் சரியுங்கள். நல்ல நிலையில் இருக்கிற மீனின் கண் உடம்போடு சரியாமல் மட்டமாக நிற்க உருளும். கண் உடம்போடு சேர்ந்து சரிந்தால் இன்னும் வைத்திருங்கள். கையை எடுத்தால் தானே நிமிர்ந்து நின்று, வாலைத் தொட்டால் உதறிக்கொண்டு ஓட வேண்டும்.

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். தலைக்குள்ளே அதற்கென்று தனி அறை இருக்கிறது. இடையிடையே மேலே வந்து காற்று எடுக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். இதைத் தெரியாமல் ஒரு தரம் நல்ல விரால் ஒன்றை உரப்பையில் போட்டு, வாயைக் கட்டி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று குளத்துக்குள் தாழ்த்தி வைத்தேன். கரையில் ஈரப் புல்லுக்குள் போட்டிருந்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கும். அரை மணித்தியாலத்தில் எடுத்துப் பார்க்கும்போது செத்துக் கிடந்தது. ஆகவே களைத்த விராலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துத் தேற்றப் பார்க்காதீர்கள். ஒரு சாண் தண்ணீர் உள்ள புல் ஓரத்தில், தலை மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கும்படி அத்தாங்கை வையுங்கள். அது தானாக மூக்கை நீட்டிக் காற்று எடுக்கும். இரண்டு மூன்று தரம் எடுத்த பிறகு அத்தாங்கைச் சரித்தால் போய்விடும். காற்றில் கிடந்தாலும் சாகாது என்று விராலை மண்ணில் புரட்டுகிறார்கள், அதுவும் பிழை. மூச்சு இருந்தாலும் வழுவழுப்பும் செதிலும் போனால் அதற்கும் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆட்களுக்கான கவனத்தில் முதலாவது முதலை. எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது, கோடையில் தண்ணீர் வற்றும்போது மிச்சம் இருக்கிற ஆழத்துக்குள் எல்லாம் ஒன்றுசேரும். வெளிநாட்டு வீடியோக்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மீனைத் தேற்றி விடுவார்கள். இங்கே முழங்கால் அளவும் இறங்க வேண்டாம். நீளப் பிடி அத்தாங்கு இதற்குத்தான். கல்லில் நின்றபடியே தண்ணீருக்குள் மீனை வைத்திருக்கலாம். துள்ளுகிற மீனின் சத்தத்துக்கு முதலை வரும், அதனால் ஒருவர் மீனைப் பார்க்கும்போது மற்றவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளையை ஒருபோதும் தண்ணீர் விளிம்பில் குந்த விடாதீர்கள். மீனைக் கழுவி வெட்டுகிற இடத்தில் தூண்டில் போட வேண்டாம், பொழுது பட முன் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்துக்கு யானையும் தண்ணீருக்கு வரும்.

இரண்டாவது வெடிபொருள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ஆட்கள் நடக்கிற வழியை விட்டுக் காட்டுக்குள் குறுக்கு வழி போகக் கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை என்றால் என்ன என்று அவனுக்குக் காட்டிச் சொல்லுங்கள். வற்றிய குளத்துச் சேற்றில் துருப்பிடித்த இரும்பு எது தெரிந்தாலும், தூண்டிலில் எது கொளுவி வந்தாலும் தொடாமல், இழுக்காமல், நூலை வெட்டிவிட்டு வந்த வழியே திரும்பி, 119க்கு அழையுங்கள்.

சின்ன மீனிலும் கவனம் வேண்டும். சுங்கானின் செட்டை முள்ளில் விசம் இருக்கிறது, கெளிறு குத்தினாலும் கடுக்கும். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள், வலி இறங்கும். ஒரு போத்தல் சுடுநீர் கொண்டுபோவது அதற்குத்தான். குத்தப்பட்ட கை மரத்துப்போய் இருக்கும், சூடு சரியா என்று மற்றக் கையால் பாருங்கள். தூண்டில் முள் ஆளின் கையில் ஏறினால், எதிர்முள் நசுக்கியது என்றால் ஏறிய வழியே வெளியே வந்துவிடும். நசுக்காத முள் என்றாலோ மூட்டுக்குக் கிட்ட என்றாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம், மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு 1990 அம்புலன்சை அழையுங்கள். எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தால் அந்த நிலை வராது. காயம் எதுவானாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் குளத்துத் தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருந்தால் நேரத்துக்கே மருந்து வேண்டும். கனடாவுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும் அங்கே உள்ள வைத்தியரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, சித்தப்பாவை என்ன கொண்டுவரச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ரப்பர் அத்தாங்கின் வலையை மட்டும் கொண்டுவரட்டும், வளையமும் பிடியும் இங்கேயே செய்யலாம். நீண்ட மூக்குக் குறடு, நல்ல வெட்டுக்குறடு, வட்ட முள் இரண்டு அளவில். சங்கத்து ஆட்களுக்குக் கொடுக்க இன்னொரு வலை கொண்டுவர முடிந்தால் நல்லது, அவர்கள் பிடிக்கிற சின்ன வாளையை விடுவதற்கும் உதவும். அங்கே குளத்தில் பாவித்த சாமானை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கத்தைய நோய்க்கிருமி எங்கள் குளத்துக்கு வர வேண்டாம். தறப்பாள் மெத்தையை நீங்கள் தைத்து வையுங்கள். வெட்டி எறிகிற தங்கூசித் துண்டுகளைப் போட ஒரு வெற்றுப் போத்தலும் கொண்டுபோங்கள். கொக்கு, நீர்க்காகத்தின் காலில் அது சுற்றி இறுகியதை நான் எத்தனையோ தரம் வெட்டிவிட்டிருக்கிறேன்.